தான் வகுத்துக் கூறுவான்: செஸ்டர் பவுல்ஸின் தூதும் நூலும்

தமிழிலக்கியத்தில் தூது என்பது தனிச் செல்வாக்குப் பெற்ற பொருள். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே அணிசெய்து காக்கப்பெற்ற படைக்கலங்களைப் புகழ்வது போலவும், போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கும் தம் மன்னன் படைக்கலங்களைத் தாழ்த்துவது போலவும் பேசி, எவன் போரிற் பழகியவன் என்பதைத் தொண்டைமானுக்கே உணர்த்தினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. சோழர் குடியினர் இருவர் தம்முள் பகைத்து நின்றபோது கோவூர் கிழார் இடைநின்று அறிவுரை கூறினார். கம்பனின் அனுமனும் அங்கதனும், வில்லிபுத்தூராரின் கண்ணனும் நம் மாணவர் நன்கறிந்த தூதர்கள். பிற்காலத்தில் தூது ஒரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. தமிழையே தூதாக விடுத்த புலவரும் நம்மிடை உண்டு.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் நாம் பாராட்டுகிறோம். திருக்குறளின் 69ஆம் அதிகாரத்தை மனனம் செய்விக்கிறோம். தேர்வில் பொருள் எழுதுமாறு கேட்கிறோம். எனினும், அவ்வதிகாரம் தரும் அளவுகோலை எடுத்து, நமக்கு அண்மைக் காலத்தில் வாழ்ந்த ஒரு தூதரின் வாழ்வை அளந்து பார்க்கும் முயற்சி நம்மிடையே அரிதாகவே உள்ளது. அளவுகோல் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அது செம்மையானதா என்பதை எவ்வாறு அறிவது? அம்முயற்சியின் சிறு தொடக்கமே இக்கட்டுரை. அளக்கப்படுபவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தூதராக இருமுறை புதுதில்லியில் பணியாற்றிய செஸ்டர் பவுல்ஸ்.

பினாங்கு மாநிலத்தின் ஜுருவில் அமர்ந்து ஓர் அமெரிக்கரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என வினவலாம். நம் முன்னோர் விட்டுவந்த ஊர்கள் அமெரிக்கக் கோதுமை உண்ட காலத்தில் தூதராக இருந்தவர் அவர். தம் பணியைப் பற்றித் தாமே விரிவாக எழுதி வைத்தவர். அன்பும் கடமையும் வெவ்வேறு திசையில் இழுக்கும்போது இடைநிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவை அவர் வாழ்வு கூர்மையாக எழுப்புகிறது. அது தூதர்க்கு மட்டும் உரிய வினா அன்று.

தூதுக்கு முன் வாழ்வு

செஸ்டர் பவுல்ஸ் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் சாமுவேல் பவுல்ஸ் அந்நகரின் புகழ்பெற்ற செய்தித்தாளின் ஆசிரியராக விளங்கியவர். ஏல் பல்கலைக்கழகத்தில் 1924இல் பட்டம் பெற்ற பவுல்ஸ், 1929இல் வில்லியம் பெண்டன் என்பவருடன் கூடி ஒரு விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரமே வீழ்ந்த ஆண்டு அது. ஆயினும் வானொலி விளம்பரத்தால் அந்நிறுவனம் செழித்தது. நாற்பது வயதை எட்டிய அளவில் செல்வர் ஆகிவிட்ட பவுல்ஸ், அத்துறையை விட்டு வெளியேறிப் பொதுப்பணிக்கு வந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது விலைக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் நடத்திய அரசு அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பு 1943இல் அவரிடம் வந்தது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் அளவு விதிக்கும் அப்பணி மக்களின் நல்லெண்ணத்தைப் பெறுதற்கு அரியது. அதனை ஒழுங்காக நடத்தியவர் என்னும் பெயருடன் 1949இல் கனெக்டிகட் மாநில ஆளுநர் ஆனார். அம்மாநிலத் தேசியக் காவற்படையில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைத்த வழக்கத்தை நீக்கினார். சீர்திருத்தங்கள் விரைந்து வந்தமையால் எதிர்ப்பும் விரைந்து வந்தது. 1950 தேர்தலில் தோற்றார்.

தோற்றவர்க்குப் பதவி தேடித் தருவது அரசியல் மரபு. பலரும் ஐரோப்பியத் தலைநகரங்களை விரும்புவர். பவுல்ஸ் கேட்டது இந்தியா. குடியரசுத் தலைவர் ட்ரூமன் இவ்விருப்பத்தைக் கண்டு வியந்தார் என்பதையும், இந்தியா பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் வறியோரும் தெருவில் திரியும் மாடுகளும் என்னும் அளவினதே என்பதையும் பவுல்ஸே பின்னர் எழுதியுள்ளார். அனுப்பும் அரசன் அறியாத நாட்டிற்கு, அறிய விரும்பும் தூதன் புறப்பட்டான். முரண் அங்கேயே தொடங்கிவிட்டது.

முதல் தூதும் 1954ஆம் ஆண்டின் நூலும்

1951 அக்டோபரில் தில்லிக்கு வந்த பவுல்ஸ் 1953 மார்ச்சு வரை அங்கிருந்தார். ஓராண்டும் சில திங்களுமே ஆயினும், அக்காலம் அவர் வாழ்வின் பொற்காலம் எனலாம். தம் பிள்ளைகளை இந்தியப் பிள்ளைகளோடு இந்தியப் பள்ளியிற் படிக்க வைத்தார். அவர்கள் மிதிவண்டியிற் பள்ளிக்குச் சென்றனர். மகள் சிந்தியா அவ்வனுபவத்தை 1956இல் ஒரு நூலாகவே எழுதினார். வெள்ளைக்காரத் துரைமாரின் தனித்த வாழ்வைக் கண்டு பழகியிருந்த தில்லி மக்களுக்கு இது பெருவியப்பாக இருந்திருக்கும்.

பணியளவில் அவர் கருத்தைக் கவர்ந்தது சிற்றூர் முன்னேற்றம். அல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1948 முதல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் நடத்திய மாதிரித் திட்டத்தைப் பவுல்ஸ் கண்டார். அதனை நாடு முழுவதற்கும் விரிக்கலாம் என நம்பினார். 1952 சனவரியில் இரு நாடுகளுக்கும் இடையே தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அவ்வாண்டு காந்தியடிகள் பிறந்தநாளில், 55 சமூக வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. விதையும் உரமும் கிணறும் பள்ளியும் மருந்தும் ஒருங்கே ஊருக்குச் செல்ல வேண்டும் என்பது திட்டத்தின் உயிர்நிலை.

இவ்வனுபவத்தின் விளைவே 1954இல் நியூயார்க்கில் வெளியான ‘அம்பாசடர்ஸ் ரிப்போர்ட்’ என்னும் நூல். ‘ஒரு தூதரின் அறிக்கை’ என நாம் அதனைத் தமிழாக்கலாம். நூலின் சிறப்பு அதன் எளிமை. விளம்பரத் துறையில் தேர்ந்த கை அங்கே தெரிகிறது. இந்தியாவை அறியாத ஓர் அமெரிக்கக் குடும்பத் தலைவனிடம் நேரிற் பேசுவது போல அது செல்கிறது. ஆசிய மக்கள் வேண்டுவது படை உடன்படிக்கை அன்று. மதிப்பும், நிலச் சீர்திருத்தமும், வளர்ச்சிக்கான முதலும் என்பது நூலின் நடுவண் கருத்து. நேருவின் கூட்டுச்சேராக் கொள்கையைப் பகைமை எனக் கொள்ளலாகாது என்று அவர் தம் நாட்டாரை வேண்டுகிறார். பாகிஸ்தானுக்குப் படைக்கலம் அளிப்பது இந்தியாவைத் தள்ளிவிடும், துணைக்கண்டத்திற் பகையை வளர்க்கும் என்பதும் அவர் எச்சரிக்கை. நூல் வந்த அதே 1954இல் அமெரிக்கா பாகிஸ்தானுடன் படை உதவி உடன்பாடு செய்துகொண்டது. 1965இல் அமெரிக்கப் பாட்டன் தகரிகள் இந்தியாவுக்கு எதிராகப் பஞ்சாப் வயல்களில் உருண்டபோது, எச்சரிக்கை உண்மையாயிற்று.

இவ்வளவும் நூலின் நிறை. குறை எது? நம்பிக்கை மிகுந்த இடத்தில் ஐயம் குறைந்துவிடுகிறது. சிற்றூர்த் திட்டங்கள் அரசு அலுவலர் வழியே சென்றன; ஊரார் அவற்றைத் தமதாகக் கொள்ளவில்லை. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு இக்குறையை எடுத்துக்காட்டி, அதிகாரம் ஊராட்சிக்குச் செல்ல வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பவுல்ஸ் நிலச் சீர்திருத்தத்தை வற்புறுத்தியவரே. ஆயினும் நிலம் உடையானும் இல்லானும் ஒரே ஊரில் ஒரே திட்டத்தால் எவ்வாறு ஒருங்கே பயன் பெறுவர் என்னும் கேள்வி அவர் நூலின் உற்சாகத்தில் மங்கிவிடுகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இந்தியாவும் சீனாவும் ஒரு பந்தயத்தில் ஓடுவனவாகவும், இந்தியா தோற்றால் ஆசியாவிற் குடியாட்சியே தோற்கும் எனவும் அவர் வாதிடுகிறார். உதவி செய்க என்பதற்கு அவர் காட்டும் காரணம் இரட்டையானது: ஒன்று மனிதநேயம், மற்றொன்று பொதுவுடைமை பற்றிய அச்சம். தம் நாட்டாரை இணங்கச் செய்ய இரண்டாவது காரணமே விரைந்து பயன்படும் என விளம்பரக்காரர் அறிந்திருந்தார். விளைவு, இந்திய உழவன் தன்பொருட்டே உதவி பெறும் மாந்தனாக மட்டும் நில்லாமல், வல்லரசுப் போட்டியின் சான்றுப் பொருளாகவும் ஆகிவிடுகிறான். அன்புடையார் எழுத்தில் இது நேர்ந்தமையாலேயே நாம் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

உண்மை உரைத்ததன் விலை

1953இல் ஐசனோவரின் ஆட்சி வந்ததும் பவுல்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். 1959 முதல் 1961 வரை காங்கிரசு உறுப்பினராக இருந்த பின், கென்னடி ஆட்சியில் அயலுறவுத் துறையின் இரண்டாம் பெரும் பதவியை அடைந்தார். அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. கியூபாவின் மீது நாடுகடந்தோரை ஏவிப் படையெடுக்கும் திட்டம் அவர் காதுக்கு எட்டியது. அது அறத்திற்கும் சட்டத்திற்கும் ஒவ்வாதது, தோற்கக்கூடியது என 1961 மார்ச்சு இறுதியில் தம் மேலவரான டீன் ரஸ்கிற்கு எழுத்து மூலம் தெரிவித்தார். ஏப்ரலில் படையெடுப்பு பன்றிகள் விரிகுடாவிற் படுதோல்வியுற்றது.

சொன்னது சரியாயிற்று, ஆனால் சொன்னவர்க்கு அது நன்மையாகவில்லை. அவர் எதிர்த்தார் என்னும் செய்தி வெளியே பரவியது. தோல்வியுற்ற தலைவரைச் சூழ்ந்தோர், தோல்வியை முன்னுரைத்தவரை விரும்புவதில்லை. அவ்வாண்டு நவம்பரிற் பவுல்ஸ் அப்பதவியினின்றும் நீக்கப்பட்டார். அவ்விடத்திற்கு வந்த ஜார்ஜ் பால் என்பவரும் பின்னர் வியட்நாம் போரை அரண்மனைக்குள் எதிர்த்து, 1966இல் ஓசையின்றி விலகினார் என்பது வரலாற்றின் ஒரு குறும்பு.

குறளின் தூது அதிகாரத்தில் இறுதிக் குறள், தன் உயிர்க்கே முடிவு நேர்வதாயினும் தன் அரசனுக்கு நன்மை தேடுதலினின்று குறையாதவனே தூதன் என்னும் கருத்தினது. அரசனுக்கு நன்மை என்பது அரசன் விரும்பிய சொல் அன்று. பவுல்ஸ் இழந்தது உயிர் அன்று, பதவியே. ஆயினும் அக்குறளின் திசையில் அவர் சில அடிகளேனும் நடந்தார் என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாம் தூது

1963 சூலையில் அவர் மீண்டும் தில்லிக்கு வந்தார். 1969 ஏப்ரல் வரை இருந்தார். முதன்முறை வந்தவரும் இம்முறை வந்தவரும் ஒருவரே. ஆனால் காலம் வேறு. பார்க்கின்சன் நோய் அவர் உடலைப் பற்றத் தொடங்கியிருந்தது. தூதர்க்கெனக் கட்டப்பட்ட புதிய மாளிகையை விடுத்து, பழைய சிறிய இல்லத்திலேயே வாழ்ந்தார். எளிமை மாறவில்லை, ஆனால் அவர் சொல்லுக்கு வாசிங்டனில் இருந்த மதிப்பு மாறிவிட்டது. அவருடைய தந்திகள் நீண்டவை என்றும், அவர் இந்தியாவின் வழக்கறிஞராகிவிட்டார் என்றும் அங்கே முணுமுணுத்தனர்.

பொக்காரோ எஃகு ஆலைக்கு அமெரிக்க உதவி கிடைக்கும் எனப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. காங்கிரசு எதிர்த்தமையால் 1963இல் இந்தியா தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. பின்னர் அவ்வாலையைக் கட்ட உதவியது சோவியத்து நாடு. 1962 சீனப் போருக்குப் பின் இந்தியாவிற்குப் போதிய படை உதவி அளிக்க வேண்டும் எனப் பவுல்ஸ் வாதிட்டார். அதுபற்றிய பேச்சு முதிர்ந்த வேளையில், 1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். வாய்ப்பு நழுவியது, இந்தியா மேலும் மேலும் மாஸ்கோவை நாடிற்று.

பின்னர் வந்தது பஞ்சம். 1965, 1966 ஆகிய ஈராண்டும் பருவமழை பொய்த்தது. 1966இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அதிற் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. பொதுச் சட்டம் 480 எனப்படும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ரூபாயில் விலை பெற்றுக்கொண்டு அமெரிக்கா அதனை அளித்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மதிய உணவிலும் 1960களில் அமெரிக்கப் பால்மாவும் தானிய மாவும் இடம்பெற்றன. அக்காலத்தில் ஊரிலிருந்து நம் தோட்டப்புறங்களுக்கு வந்த உறவினர், கோதுமைச் சோறு தின்ற கதையைச் சொல்லக் கேட்டோர் நம் முதியோரில் உண்டு.

அக்கோதுமையைக் குடியரசுத் தலைவர் ஜான்சன் தம் கையிற் கயிறு போலப் பிடித்தார். நெடுங்கால உடன்பாட்டை மறுத்து, சில திங்களுக்குப் போதும் அளவே ஒவ்வொரு முறையும் விடுவித்தார். இந்தியா தன் வேளாண்மைக் கொள்கையைத் திருத்த வேண்டும் என்பது ஒரு நோக்கம். வியட்நாமில் அமெரிக்கா பொழிந்த குண்டுகளை இந்தியா கண்டித்தது என்னும் சினமும் உடனிருந்தது. 1966 அக்டோபரில் ஜான்சன் நம் நாட்டிற்கு வருகை தந்தார். நெகிரி செம்பிலானில் ஒரு ஃபெல்டா குடியேற்றம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே மனிதரின் பெயர் இங்கே நன்றிக் கல்லில். அதே ஆண்டில் அங்கே கப்பலை எதிர்நோக்கும் துறைமுகத்தில் அச்சத்தின் பெயர். வல்லரசின் முகம் காண்பவன் நிற்கும் இடத்திற்கேற்ப மாறுகிறது.

பவுல்ஸ் இக்கயிற்றை வெறுத்தார். பசித்தவனைக் காக்க வைத்து இணங்கச் செய்வது இழிவு என்றும், நட்பை அழிக்கும் என்றும் மேலிடத்திற்கு மீண்டும் மீண்டும் எழுதினார். கோதுமை வந்தது, அவர் சொல்லால் மட்டும் வந்ததெனக் கூற இயலாது. ஈண்டு நாம் மறக்கலாகாத ஒருவர், அப்போது இந்திய உணவு அமைச்சராக இருந்த கொங்கு நாட்டுத் தமிழர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண்மைச் செயலர் ஃப்ரீமனோடு அவர் உடன்பாடு கண்டார். அவ்வழுத்தத்தையே தம் கொள்கைக்குத் துணையாக்கினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை வகைக் கோதுமை விதையை வரவழைத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட அறிவியலார் வழிகாட்டினர். பசியைத் தீர்த்தது இறுதியில் கடன் வாங்கிய தானியம் அன்று, சொந்த மண்ணில் விளைந்த தானியம். கோதுமைக்கு ஈடாகச் சேர்ந்து கிடந்த ரூபாய்க் கடனில் 1,664 கோடியை, பின்வந்த தூதர் மொய்னிகன் 1974 பிப்ரவரியில் ஒரே காசோலையாக இந்தியாவிடம் திருப்பித் தந்தார்.

வகுத்துக் கூறலும் வழியுரைத்தலும்

இனி அளவுகோலுக்கு வருவோம். தூதரை இருவகைப்படுத்துவார் பரிமேலழகர். ஒருவன் தான் வகுத்துக் கூறுவான். காலமும் இடமும் நோக்கித் தானே கருத்தை அமைத்து உரைப்பவன். மற்றவன் கூறியது கூறுவான். அரசன் சொன்னதைக் கூட்டாது குறைக்காது சேர்ப்பவன். அதிகாரத்தின் முற்பகுதியிற் பேசப்படுபவன் முன்னவன். இறுதி மூன்று குறள்களிற் பேசப்படுபவன் பின்னவன். இப்பாகுபாட்டை நாம் தேர்வுக்குரிய குறிப்பாகவே கற்பிக்கிறோம். பவுல்ஸின் வாழ்வு அதனை உயிருள்ள சிக்கலாக்குகிறது.

இயல்பால் அவர் தான் வகுத்துக் கூறுபவர். அதற்கு நல்லதொரு சான்று 1967 மார்ச்சு 6ஆம் நாள் நிகழ்ந்தது. ஸ்டாலினின் மகள் சுவெத்லானா, தம் வாழ்க்கைத் துணைவராக இருந்த பிரஜேஷ் சிங்கின் அத்தியுடன் இந்தியா வந்திருந்தார். அன்று மாலை அமெரிக்கத் தூதரகத்தின் வாயிலில் வந்து அடைக்கலம் கேட்டார். பவுல்ஸ் செய்தியை வாசிங்டனுக்கு அனுப்பினார். விடை வரும்வரை காத்திராமல், தம் பொறுப்பிலேயே அவருக்கு நுழைவிசைவு அளித்து, துணைக்கு ஓர் அலுவலரையும் உடனனுப்பி, அன்றிரவே ரோம் செல்லும் வானூர்தியில் ஏற்றிவிட்டார். பொழுது விடிந்திருந்தால் மூன்று நாடுகளுக்கிடையே சிக்கல் முற்றியிருக்கும். காலமும் இடமும் அறிந்து எண்ணி உரைப்பவனே தூதருள் தலையாயவன் என்னும் குறட்கருத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

ஆனால் வியட்நாம் பற்றிய பொருளில் அவர் கூறியது கூறுவானாக நின்றார். அப்போரின் போக்கை அவர் உள்ளத்தால் ஏற்கவில்லை. மேலிடத்திற்கு மறைவாக எழுதினார். தில்லியின் மேடைகளிலோ தம் அரசின் கொள்கையையே எடுத்துரைத்தார். இங்கேதான் திறனாய்வாளர் பிரிவர். பதவியைத் துறந்து உண்மையை உலகறியச் சொல்லியிருக்க வேண்டும் என்பார் ஒருசாரார். அவர் விலகியிருந்தால் வரும் தூதன் கோதுமைக்காக வாதிட்டிருப்பானா என்பார் மறுசாரார்.

என் கருத்து இது. 1966இல், கப்பல் வருமா வராதா எனக் கோடிக்கணக்கானோர் காத்திருந்தபோது, அவர் நின்றது சரி. தம் மானத்தைக் காக்கப் பிறர் பசியை மறப்பது அறம் ஆகாது. ஆனால் விளைச்சல் மீண்டு, பஞ்சம் நீங்கிய 1968இல் அக்காரணம் தளர்ந்துவிட்டது. அதன் பின்னும் பொதுவில் மௌனம் காத்தது, அவரைக் குறளின் இறுதி அடிக்குச் சில அடிகள் முன்னரே நிறுத்திவிடுகிறது. 1961இல் பதவியை இழக்கத் துணிந்தவர், 1968இல் அதே துணிவைக் காட்டவில்லை. நோயும் முதுமையும் காரணமாகலாம். அவை இரக்கத்திற்கு உரியன. மதிப்பீட்டை மாற்றுதற்கு உரியன அல்ல.

இந்தியாவின் மீது அவர் கொண்ட அன்பே குற்றம் என்று கூறுவாரும் உளர். தூதனுக்கு வேண்டும் எனக் குறள் கூறும் அன்பை, தன் அரசன்பாற் கொள்ளும் அன்பு என்றே பரிமேலழகர் பொருள்கொண்டார். அவ்வாறாயின் பவுல்ஸ் தவறினாரா? இல்லை என்பேன். பாகிஸ்தான் படை உதவி பற்றியும், கியூபா பற்றியும், கோதுமை பற்றியும் அவர் சொன்னவற்றைக் கேட்டிருந்தால் நன்மை பெற்றிருக்கும் நாடு முதற்கண் அமெரிக்காவே. சென்ற நாட்டை உணர்ந்து நேசிப்பவனே அனுப்பிய நாட்டிற்கு உண்மையைக் கொண்டு வர முடியும்.

இரு நூல்களும் ஓர் ஒப்பீடும்

1971இல் பவுல்ஸ் தம் பொதுவாழ்வு வரலாற்றை வெளியிட்டார். காக்க வேண்டிய வாக்குறுதிகள் என்னும் பொருளுடைய அதன் பெயர், ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதையொன்றை நினைவூட்டுவது. அக்கவிதையின் இறுதி அடிகளையே நேரு தம் மேசையில் எழுதி வைத்திருந்தார். தலைப்பிலேயே நண்பர்க்கு ஒரு வணக்கம் வைத்தார் போலும். 1954 நூலின் வேகம் இதில் இல்லை, விளக்கம் மிகுந்துள்ளது. தாம் சொன்னது சரியாயிற்று எனக் காட்டும் விருப்பம் பக்கந்தோறும் எட்டிப் பார்க்கிறது. ஆயினும் அதிகாரத்தின் உள்ளறையில் ஒரு நேர்மையாளன் படும் பாட்டை அறிய விழைவோர்க்கு இதுவே பெரிதும் பயன்படும்.

இரு தூதுக்கும் இடையே, 1961 முதல் 1963 வரை, தில்லியில் தூதராக இருந்தவர் பொருளியலறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த். அவர் 1969இல் வெளியிட்ட நாட்குறிப்பு நகைச்சுவையும் கூர்மையும் மிக்கது. எழுத்துக்கலையில் கால்பிரெய்த் பவுல்ஸை வென்றுவிடுகிறார். கால்பிரெய்த் எள்ளுகிறார், பவுல்ஸ் மன்றாடுகிறார். எள்ளல் படிக்கும்போது இனிக்கும். மன்றாடல் சிலபோது சலிப்பூட்டும். ஆனால் எள்ளுபவர் தம்மை எப்பொழுதும் உயரத்தில் வைத்துக்கொள்கிறார். மன்றாடுபவர் தோற்கவும் ஆயத்தமாக இருக்கிறார். மாணவர் இரண்டையும் சேர்த்துப் படிப்பின், நடை என்பது சொல்லழகு மட்டுமன்று, எழுதுவோன் உலகின்முன் நிற்கும் நிலை என்பதை உணர்வர்.

நமக்குரியது

பவுல்ஸ் 1986 மே 25ஆம் நாள் மறைந்தார். அவர் மகள் சாலி, அமெரிக்க அமைதிப் படையை உருவாக்கிய தொடக்கக் குழுவினருள் ஒருவர். அப்படையினர் 1962 முதல் 1983 வரை நம் நாட்டின் பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் பணியாற்றியமை பலர்க்கும் நினைவிருக்கும்.

வெளிநாட்டார் நம்மவரைப் பற்றி எழுதிய நூலை நாம் இருவகையில் அணுகுகிறோம். புகழ்ந்தால் நன்றியால் உருகுகிறோம். குறை கூறினால் சினத்தால் ஒதுக்குகிறோம். இரண்டும் திறனாய்வு ஆகா. பவுல்ஸ் போன்றாரின் நூலில் அன்பு எது, தம் நாட்டின் நலன் எது, இரண்டும் எங்கே கலக்கின்றன என்று பிரித்தறியப் பழகுவதே கல்வி. வேற்று நாட்டார் நூலிற் பழகிய அக்கண்ணை, நம் புறநானூற்றின் மீதும் திருப்பலாம். ஔவையார் வாதாடியது அறத்திற்கா, அதியமானுக்கா? மாணவர் இவ்வினாவைக் கேட்கத் துணிந்தால் அவருக்கு இலக்கியம் கைவந்துவிட்டது எனலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இறுதியாக ஒன்று. நாம் ஒவ்வொருவரும் ஒருவகையில் தூதரே. மேலிருந்து வரும் சுற்றறிக்கையைப் பெற்றோரிடம் சேர்க்கிறோம். பெற்றோரின் குறையை மேலிடத்திற்கு எடுத்துரைக்கிறோம். மாணவர் குறைந்துவரும் தோட்டப்புறப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவர் கூறியது கூறுவானாக மட்டும் இருந்தால், கடிதங்கள் ஒழுங்காகச் சேரும், பள்ளி சேராது. எப்போது வழியுரைக்க வேண்டும், எப்போது தான் வகுத்துக் கூற வேண்டும் என்னும் தெளிவே அவர்க்கு வேண்டிய முதற்றகுதி. அத்தெளிவு பெற்ற நாள்களில் செஸ்டர் பவுல்ஸ் உயர்ந்து நின்றார். தளர்ந்த நாள்களிற் சற்றே தாழ்ந்து நின்றார். அவ்வளவே அவர் வரலாறு. நாளை வகுப்பில் அந்த அதிகாரத்தை எடுக்கும் ஆசிரியர், பொருள் எழுதுமாறு கேட்பதற்கு முன், நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஒரு முறை கேட்பாராக.